‘தொடாதே’ என்று சொல்வது யார்?

கடந்த கல்வியாண்டில் நல்லூர் ஒன்றியத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நாடகம் போடப் போயிருந்தோம். பள்ளியின் பெயர் வேண்டாம். அன்று நடந்த தவறு எங்களுடையது.

வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல் பறையோடு தொடங்கினோம். மூன்று பறைகள் ஒரே நேரத்தில் அதிர்ந்ததும், வட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பையன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறியபடி எழுந்து ஓடினான். சத்துணவுக் கூடத்துச் சுவருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். "மெண்டலுக்குப் பறைன்னா பயம்டா" என்று ஒருவன் கத்தினான். மொத்த வட்டமும் சிரித்தது.

நாங்கள் போட வந்த நாடகமே அவனைப் போன்ற பிள்ளைகளைப் பற்றியதுதான்.

அன்று மாலை விருத்தாசலம் பஸ்ஸுக்காக நிற்கும்போது குழுவுக்குள் சண்டை வந்துவிட்டது. "அடுத்த தடவை பறை வேண்டாம்" என்றேன். எங்கள் காலனித் தம்பி, குழுவிலேயே நன்றாகப் பறையடிப்பவன், கோபமாகக் கேட்டான். "சாவுக்கு மட்டும் அடிடான்னாங்க. கோயில்ல அடிக்காத, மேடையில அடிக்காதன்னாங்க. எல்லாத்தையும் மீறித்தான இத கையில எடுத்தோம்? இப்ப நீங்களே கீழ வையிடான்னு சொல்றீங்களேக்கா?"

என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டது நியாயம். காதைப் பொத்திக்கொண்டு ஓடிய பையன் பக்கமும் நியாயம் இருந்தது. இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் நின்று பல நாள் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே பிள்ளை, இரண்டு பெயர்

அந்தப் பையனும் நம் தெருப் பிள்ளைதான். அம்மா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வண்ணம் பூசும் கூலி வேலைக்குப் போகிறார். ஆயாதான் வளர்க்கிறார். "காத்து கருப்பு பட்டிருக்குன்னு மந்திரிச்சுப் பாத்தோம் பாப்பா. ஆஸ்பத்திரியில கடலூருக்குப் போவச் சொன்னாங்க. ஒரு நாள் போனா முடியற வேலையா அது? அவளுக்குக் கூலி போயிடும்" என்றார் ஆயா. விருத்தாசலத்திலிருந்து கடலூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இன்னும் தூரம். பஸ் சத்தத்தையே தாங்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போய், டோக்கன் வாங்கி, மறுபடியும் வரச் சொன்னால் மறுபடியும் போக வேண்டும்.

அவனுக்கு என்ன என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. நான் சமூகப் பணியாளர். படித்தது சமூகவியல். எனவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சென்னையில் கட்டணப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை இதே மாதிரி காதைப் பொத்தினால், கண்ணைப் பார்த்துப் பேசாமல் இருந்தால், பெற்றோர் மருத்துவரிடம் போகிறார்கள். ஆட்டிசம் என்றோ, ஏடிஎச்டி என்றோ, டிஸ்லெக்சியா என்றோ ஒரு பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரோடு பயிற்சி கிடைக்கிறது, சான்றிதழ் கிடைக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கேட்க முடிகிறது. இவையெல்லாம் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள சலுகைகள்தான். வேண்டியது சான்றிதழ்.

நம் தெருப் பிள்ளைக்கும் பெயர் கிடைக்கிறது. வேறொரு பள்ளியில் ஓர் ஆசிரியர் என்னிடம் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "அந்தத் தெருப் பிள்ளைங்களே அப்படித்தான் மேடம். மண்டையில ஏறாது." எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையும், நாள் முழுக்கத் தம்பியைத் தூக்கிச் சுமந்து தூங்காமல் வந்த பிள்ளையும், ஆசிரியர் கேள்வியே கேட்காத பிள்ளையும் அவர் பார்வையில் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் காரணம் தெருவில் இருக்கிறது. அங்கே மூளையின் வேறுபாடு நோயாகக்கூடப் பார்க்கப்படுவதில்லை. சாதியின் குணமாகப் பார்க்கப்படுகிறது.

ஆங்கிலத்தில் நியூரோடைவர்சிட்டி என்கிறார்கள். தமிழில் மூளைப் பன்மை என்று சொல்லலாம். 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் ஒன்றுகூடித் தங்களைப் பற்றித் தாங்களே பேசத் தொடங்கியபோது வளர்ந்த சிந்தனை இது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜூடி சிங்கர் 1998இல் தன் சமூகவியல் ஆய்வேட்டில் இதைப் பற்றி எழுதினார். செய்தி எளிமையானது. எல்லா மூளையும் ஒரே அச்சில் வார்த்தது அல்ல. பார்ப்பது, கேட்பது, கவனிப்பது, கற்பது எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அப்படி வேறுபடுகிறவர்களில் பலருக்கு உதவி தேவை. சிலருக்கு நாள் முழுக்கத் தேவை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் உதவி தேவைப்படுவது ஒருவரைக் கீழானவராக ஆக்காது.

தமிழில் நாம் என்ன பெயர் வைத்தோம்? ‘மதியிறுக்கம்’ என்றோம். அரசுத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதினோம். அந்தப் பையனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? புற உலகின் ஒவ்வொரு சத்தமும் அவன் காதில் நம்மைவிடப் பல மடங்கு கேட்கிறது. பிறர் வைத்த பெயரைச் சுமந்து திரிவது என்னவென்று நமக்குத் தெரியாதா?

இரண்டு சட்டங்கள், ஒரே வாசகம்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு மனப்பாடம். 1989ஆம் ஆண்டுச் சட்டம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ வேண்டுமென்றே அவமதிப்பதும் மிரட்டுவதும் குற்றம். தண்டனை 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கும் அந்தச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. அதன் 92ஆவது பிரிவைப் படித்தபோது ஒரு கணம் வேறு சட்டத்தைத் திறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதிப்பதும் மிரட்டுவதும் குற்றம். தண்டனை 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை. ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அதே வாசகம்.

சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் ‘மெண்டல்’ என்று கூப்பிடுவதும் ஒரே வகைக் காயம் என்று சட்டத்தை எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. நமக்கு? நம் கூட்டங்களிலேயே எதிராளியை ‘லூசு’ என்கிறோம், ‘மூளை வளர்ச்சி இல்லாதவன்’ என்கிறோம். கைதட்டு விழுகிறது. நானும் தட்டியிருக்கிறேன்.

ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மீது வழக்குப் போட முடியுமா? போடத்தான் வேண்டுமா? சட்டம் குற்றம் நடந்த பிறகு வருகிறது. வகுப்பறையில் சிரிப்பு கிளம்பும் அந்த நொடியில் சட்டம் இல்லை. அங்கே வேறொன்று வேண்டும்.

ஏன் நாடகம்?

கல்வியைப் பற்றி மக்களிடம் பேச மகாத்மா ஜோதிராவ் பூலே 1855இல் கையில் எடுத்தது நாடகத்தைத்தான். ‘திருதிய ரத்னா’ என்று பெயர். பார்ப்பனப் புரோகிதரால் ஏமாற்றப்படும் ஓர் உழவர் குடும்பம் கடைசியில் படிக்கக் கிளம்புகிறது. தமிழ்நாட்டில் 1990களில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைக் கலைக்குழுக்கள் வழியாகத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனது. கே.ஏ.குணசேகரன் பாட்டையும் நாடகத்தையும் தலித் விடுதலையின் குரலாக்கினார். அவருடைய ‘பலி ஆடுகள்’ தமிழ்த் தலித் நாடகத்தின் தொடக்கங்களில் ஒன்று. குழந்தைகளுக்கென்றே வேலு சரவணன் புதுச்சேரியிலிருந்து பள்ளி பள்ளியாகப் போய் ‘கடல் பூதம்’ நடத்திக்கொண்டிருக்கிறார். அவர் நாடகத்தில் பிள்ளைகள் பார்வையாளராகவே இருக்க மாட்டார்கள், கதைக்குள் போய்விடுவார்கள்.

மூளைப் பன்மையை நாடகத்தால் பள்ளிக்குச் சொல்வதும் புதிதல்ல. அமெரிக்காவில் 1975இல் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்க வழிசெய்யும் சட்டம் வந்தது. சட்டம் கதவைத் திறந்தது, உள்ளே இருந்த பிள்ளைகளுக்குப் புதியவர்களோடு எப்படிப் பழகுவதென்று தெரியவில்லை. 1977இல் பார்பரா அயெல்லோ என்ற சிறப்பாசிரியை ‘கிட்ஸ் ஆன் தி பிளாக்’ என்ற பொம்மலாட்டக் குழுவைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் வரும் பொம்மை, பார்வையில்லாத பொம்மை என்று பல பொம்மைகள். நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் பொம்மையிடமே கேள்வி கேட்கலாம். பக்கத்து பெஞ்சுப் பையனிடம் கேட்கக் கூசும் கேள்வியைப் பொம்மையிடம் கேட்டுவிடலாம். பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலத்தில் இதற்குப் பஞ்சமா?

சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989இல் தொடங்கிய ‘ராசா’ அமைப்பு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளோடு நாடகக் கலையை வைத்து வேலை செய்கிறது. இலங்கையில் 2000இல் தொடங்கிய சுனேரா அறக்கட்டளை மாற்றுத்திறனாளி இளைஞர்களையே மேடையேற்றியது. இதில் ஒரு பாடம் உண்டு. முதல் வகை, மற்றவர்களுக்குச் சொல்லும் நாடகம். இரண்டாவது வகை, அவர்களே நடத்தும் நாடகம். இரண்டும் சேர வேண்டும். ‘எங்களைப் பற்றி எதுவும் எங்களை விட்டுவிட்டு வேண்டாம்’ என்பது மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் முழக்கம். நமக்காக நாம்தான் பேசுவோம் என்று சொல்லி வளர்ந்த இயக்கத்துக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சினிமா போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2007இல் இந்தியில் வந்த ‘தாரே ஜமீன் பர்’ டிஸ்லெக்சியாவைப் பேசியது. 2013இல் ‘ஹரிதாஸ்’ ஆட்டிசம் உள்ள சிறுவனின் கதையைத் தமிழில் சொன்னது. இரண்டுமே நல்ல முயற்சிகள். ஆனால் திரையில் பார்த்து அழுதுவிட்டு வெளியே வந்து பக்கத்துத் தெருப் பையனை ‘மெண்டல்’ என்று கூப்பிட முடியும். திரை யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்காது. நாடகம் கேட்கும்.

பிரேசிலின் அகஸ்டோ போல் 1970களில் உருவாக்கிய ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ இப்படித்தான் நடக்கும். கதை ஒரு கொடுமையில் வந்து நிற்கும். ஒருவர் நடுவில் வந்து, "இப்போது என்ன செய்யலாம்?" என்று பார்வையாளரைக் கேட்பார். சொல்கிறவர் எழுந்து வந்து நடித்தே காட்ட வேண்டும். மேற்கு வங்கத்தில் ‘ஜன சன்ஸ்கிருதி’ 1985லிருந்து கிராமங்களில் இதைச் செய்துவருகிறது. அந்த நடுவில் வரும் ஆளைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் நம் கூத்தின் கட்டியங்காரன் அல்லவா? ராஜா வருவதற்கு முன்னால் வருபவன். ராஜாவையே கிண்டல் செய்பவன். கதையை நிறுத்திவிட்டு நம்மோடு பேசுபவன். எனவே எங்கள் நாடகத்திலும் கட்டியங்காரனையே வைத்தோம்.

கூத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டாம். திக்குவாய், நொண்டி, கூன் என்று ஊனத்தை வைத்துச் சிரிப்பு மூட்டும் பழக்கம் அங்கேயும் உண்டு, சினிமாவில் அதைவிட உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில் ஒரு வேறுபாட்டைச் சொன்னது. ஊனத்தைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரை இழிவாக்கும் நகைச்சுவை வேறு. எங்கள் கட்டியங்காரனுக்கு நாங்கள் வைத்த விதியும் அதுதான். கிண்டல் செய்கிறவனைக் கிண்டல் செய். கிண்டல் செய்யப்படுகிறவனைச் செய்யாதே.

இரண்டாவது முறை

மூன்று வாரம் கழித்து அதே பள்ளிக்கு மறுபடி போனோம். இந்த முறை முதல் நாளே போய், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியை உதவியோடு அந்தப் பையனிடம் பறையைக் காட்டினோம். அடிக்கவில்லை. அவனே தொட்டான். தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். விரலால் தட்டினான். சத்தம் தன் கையிலிருந்து வந்தபோது அவனுக்குப் பயமில்லை. கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லிக்கொடுத்தோம்.

மறுநாள் அவன் மரத்தடியில் உட்காரவில்லை, வகுப்பறை வாசற்படியில் உட்கார்ந்தான். அது அவன் தேர்ந்தெடுத்த இடம். தம்பி விரல் நுனியில் தொடங்கி மெதுவாக அடியை ஏற்றினான். பையன் மூன்று முறை கையைத் தூக்கினான். தம்பி மூன்று முறையும் நிறுத்தினான். திரும்பும்போது நான் கேட்காமலேயே சொன்னான்: "அது வேற, இது வேறக்கா."

நாடகத்தில் ஒரு காட்சி. வகுப்புக்குப் புதிதாக வந்த பையன் தரையின் கட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். ஒருவன் சிநேகமாகத் தோளில் கை போடுகிறான். பையன் "தொடாதே!" என்று கத்தித் தள்ளிவிடுகிறான். மற்றவர்கள் அடிக்கப் பாய்கிறார்கள். அந்த இடத்தில் கட்டியங்காரன் கதையை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "ஏம்ப்பா மகாசனங்களே, இப்ப என்ன பண்ணலாம்?"

"டீச்சர்கிட்ட சொல்லலாம்." "அவங்க அம்மாவ வரச் சொல்லலாம்." பிறகு ஒருவன் நல்ல மனசோடுதான் சொன்னான்: "அவன தனியா உக்கார வெச்சிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல." பல தலைகள் ஆடின. பின்னாலிருந்த ஆசிரியர்களின் தலையும் ஆடியது.

அப்போது ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்தாள். நம் காலனிப் பிள்ளை. "எங்க ஆயாவ ஊர்ல வேலைக்குப் போற வூட்ல அப்படித்தான் தனியா உக்கார வெப்பாங்க. தனி டம்ளரு. அது நல்லதா?" என்று கேட்டாள். ஒரு சத்தமில்லை. கட்டியங்காரனுக்கே வாயடைத்துவிட்டது. "நீயே வந்து செஞ்சு காட்டு தாயி" என்றான். அவள் வட்டத்துக்குள் வந்தாள். நடிகனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு கேட்டாள்: "பக்கத்துல உக்காரட்டா? தொட மாட்டேன்." நடிகன் கொஞ்ச நேரம் கழித்துத் தலையாட்டினான். உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவள் எதுவும் செய்யவில்லை.

நான் பல வருடம் படித்தும் எனக்குத் தெளிவாகாததை அந்தப் பிள்ளை ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டாள். ‘தொடாதே’ என்பது ஒரு சொல், இரண்டு பொருள். ஒருவன் தன் உடம்பைப் பற்றித் தானே "தொடாதே" என்றால் அது அவன் உரிமை. மற்றவர்கள் கூடி "அவனைத் தொடாதே" என்றால் அது தீண்டாமை. அவன் தானே தேர்ந்தெடுத்து வாசற்படியில் உட்கார்ந்தால் அது வசதி. நாம் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது சேரி. பறையும் அப்படித்தான். ஆதிக்க சாதிக்காரன் "அடிக்காதே" என்பது அதிகாரம். காது வலிக்கும் பிள்ளை கையைத் தூக்குவது வேண்டுகோள். முடிவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அண்ணல் அம்பேத்கர் சிறுவயதில் பள்ளிக்கு எடுத்துப்போய் உட்கார்ந்த சாக்குத் துணியை யாரும் ‘அவர் வசதிக்காக’ என்று சொல்லிவிட முடியாது.

பரிவு என்பதற்கு நான் இப்போது புரிந்துகொள்ளும் பொருள் இதுதான். உச்சுக்கொட்டுவது பரிவு அல்ல. கேட்பது, பதிலுக்குக் காத்திருப்பது, சொன்னதை மதிப்பது. ஆட்டிசம் உள்ள இங்கிலாந்துச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்கிறோம். மற்றவர்களுக்கும் அவர்களைப் புரியவில்லையே? புரிதலின்மை இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனால் குறை ஒரு பக்கத்தின் மேல் மட்டும் எழுதப்படுகிறது. இதைப் படித்தபோது ஊரும் சேரியும் நினைவுக்கு வந்தன. ‘அனுசரித்துப் போ’ என்று எப்போதும் யாரிடம் சொல்கிறார்கள்?

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். பள்ளிகளில் ‘ஒரு நாள் பார்வையற்றவராக இருந்து பார்’ என்று பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிடும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய பாவனைப் பயிற்சிகள் பயத்தையும் பரிதாபத்தையும் கூட்டுவதாகக் கண்டது. எனவே எங்கள் நாடகத்தில் எந்தப் பிள்ளையையும் ‘ஆட்டிசப் பையனாக நடி’ என்று கூப்பிடுவதில்லை. சுற்றி நிற்பவர்களாகத்தான் கூப்பிடுகிறோம். மாற வேண்டியது அந்த வட்டம்.

சாதி வேண்டாம், ஆட்டிசம் போதும்

அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை பேசியதை அடுத்த பள்ளியில் நாடகத்தோடே சேர்த்துவிட்டோம். நாடகம் முடிந்ததும் ஓர் ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டார். "நல்லா இருந்துச்சு மேடம். அந்தத் தனி டம்ளர் விஷயத்தை மட்டும் எடுத்துடுங்க. எதுக்குப் பிள்ளைங்க மனசுல சாதிய நுழைக்கணும்? ஆட்டிசம் மட்டும் போதுமே" என்றார்.

மூளைப் பன்மை நாடகத்துக்குப் பள்ளிக் கதவு திறக்கிறது. சாதி ஒழிப்பு நாடகத்துக்குத் திறப்பதில்லை. ஏனென்றால் முதலாவதில் யாரும் குற்றவாளி இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். இயற்கை செய்தது, நாம் அன்பு காட்டுவோம் என்று முடித்துக்கொள்ளலாம். தனி டம்ளரை இயற்கை வைக்கவில்லை. சாதியை வெளியே நிறுத்திவிட்டுக் கற்றுக்கொடுக்கும் பரிவு, நல்லூர் வகுப்பறையில் பாதிப் பிள்ளைகளுக்குப் பொய். அந்த வரியை நாங்கள் எடுக்கவில்லை.

நம் தோழர்கள் பக்கமிருந்தும் கேள்வி வருகிறது. "வெட்டுறான், கொளுத்துறான், நிலத்தப் புடுங்குறான். இப்ப இதுதான் முக்கியமா?" விருத்தாசலத்தை ஒட்டிய புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் முருகேசனுக்கும் கண்ணகிக்கும் ஊரார் பார்த்திருக்க விஷம் கொடுத்துக் கொன்ற மண் இது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2025 ஆனது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கச் சொன்னது.

கயிறை அறுக்கலாம். ஆனால் புதுக்கூரைப்பேட்டையில் சுற்றி நின்று பார்த்தார்களே, அவர்களை எந்த ஆணையால் மாற்றுவது? "இப்ப என்ன பண்ணலாம்?" என்று பத்து வயதில் யாராவது அவர்களை எழுப்பி நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். ஒருவனை ஒரு கூட்டம் சூழும்போது கூட்டத்தில் நிற்கும் நீ என்ன செய்வாய் என்ற கேள்வி, காதைப் பொத்தும் பிள்ளைக்கும் ஒன்றுதான், நம் பிள்ளைக்கும் ஒன்றுதான். ஒன்றைக் கற்றுக்கொண்டவன் இன்னொன்றையும் கட்டாயம் கற்றுக்கொள்வான் என்று சொல்ல மாட்டேன். கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பாவது வரும்.

நாற்பது நிமிட நாடகம் உலகத்தை மாற்றாது. ஒரு மாதம் கழித்துப் போனபோது சிலர் அவனை இன்னும் ‘மெண்டல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் மணி அடிக்கும் பையன், மணியடிக்கப் போவதற்கு முன் அவனிடம் போய் "அடிக்கப் போறேண்டா" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் காதைப் பொத்திக்கொள்கிறான். பிறகு மணி அடிக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காத ஏற்பாடு அது.

கேட்க வேண்டியவை

பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் கலைத் திருவிழா நடத்துகிறது. நல்ல விஷயம். அதோடு ஒவ்வோர் ஒன்றியத்திலும் உள்ளூர் கலைக்குழு ஒன்றுக்கு முறையான ஊதியம் கொடுத்து, ஆண்டு முழுக்கப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். காலனி இளைஞர்கள் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். மூளைப் பன்மை உள்ள இளைஞர்களும் நடிகராக இருக்க வேண்டும். நாடகம் ஒரு நாள் கூத்தாக இல்லாமல், அதற்கு முன்னும் பின்னும் வகுப்பாசிரியரோடு பேச்சு நடக்க வேண்டும். 2025 ஜூலையில் வகுப்பறைகளில் ‘ப’ வடிவ இருக்கை பற்றி அறிவிப்பு வந்தபோது கழுத்து வலிக்கும், பலகை தெரியாது என்றெல்லாம் விவாதம் நடந்தது. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் ‘ப’ போல உட்கார்ந்தால் நடுவில் ஒரு மேடை கிடைக்கும்.

மதிப்பீட்டு முகாம் ஒன்றிய அளவில், நல்லூரிலேயே நடக்க வேண்டும். பிள்ளையைக் கூட்டிவரும் தாய்க்கு அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அலைக்கழியும் சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக்க வேண்டும். இவை இல்லாமல் நாடகம் மட்டும் போட்டால், பசிக்கிறவனுக்குச் சமையல் குறிப்பு வாசித்த கதைதான்.

கடைசியாக, நமக்கு நாமே. நம் கூட்டங்களில் ஒலிபெருக்கிக்குத் தள்ளி ஓர் அமைதியான மூலை இருக்கட்டும். மேடையில் ‘லூசு’, ‘மெண்டல்’ வேண்டாம். நம் தெருவில் காதைப் பொத்தும் பிள்ளை இருந்தால் மந்திரிக்கக் கொண்டுபோகும் முன் வட்டார வள மையத்துக்குக் கொண்டுபோங்கள். பறையை யாரும் கீழே வைக்க வேண்டாம். அடிப்பதற்கு முன் ஒரு முறை வட்டத்தைச் சுற்றிப் பாருங்கள், யாராவது கையைத் தூக்கியிருக்கிறார்களா என்று.

ஜெய் பீம்.